ஜான் கிளேரின் ஊரில் நடந்தால் கவிதை கூடுதலாகப் புரியுமா?

கேள்வி: ஒரு வாசகர், ஜூலை 3, காலை

இங்கிலாந்தின் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூலையில் ஜான் கிளேர் என்ற கவிஞருக்காக ஒரு வார இறுதி விழா நடப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் திரிந்த வழிகளில் கூட்டமாக நடப்பதும், அமர்ந்து உரை கேட்பதும் மகிழ்ச்சி தருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கவிதை தாளில் இருக்கிறது. எழுதியவர் மிதித்த மண்ணை மிதித்தால்தான் புரியும் என்றால் அந்தக் கவிதையில் ஏதோ குறை இருக்கிறது. இவ்விழாக்கள் சுற்றுலாவைச் சேர்ந்தவை, வாசிப்பைச் சேர்ந்தவை அல்ல என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஜூலை 3, இரவு

பொது விதியாக இதை நான் மறுக்க மாட்டேன். நைட்டிங்கேல் என்னும் பாடும் பறவையைப் பற்றிக் கீட்ஸ் எழுதிய கவிதையை உணர்வதற்கு, அவர் அதை எழுதிய ஹாம்ஸ்டெட் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. கிளேரை மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கி வைக்கவேண்டும் என்கிறேன், ஏனென்றால் அவர் எழுதிய பொருளே நடப்பதுதான்: யார், எந்த நிலத்தில், யாருடைய அனுமதியும் இல்லாமல் நடக்கலாம் என்பது.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1793 ஜூலை 13 அன்று ஹெல்ப்ஸ்டனில் பிறந்தார். தந்தை பார்க்கர் கிளேர் கூலிக்குக் கதிரடித்தவர். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிளேரும் வயல் வேலை, தோட்ட வேலை, சுண்ணாம்புக் காளவாய் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். ஜேம்ஸ் தாம்சனின் பருவங்களைப் பற்றிய கவிதை நூலை ஸ்டாம்ஃபோர்டு நகரில் காசு கொடுத்து வாங்கி, வீடு திரும்பும் வழியில் பர்லி மாளிகையின் பூங்கா மதிலேறிக் குதித்து, உள்ளே ஒளிந்திருந்து வாசித்தார் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வேலை நாளில் பாதையோரம் அமர்ந்து புத்தகம் படிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற அச்சமே அவரை மதிலேறச் செய்தது. 1820இல் வந்த அவருடைய முதல் தொகுப்பு ஓராண்டுக்குள் மூவாயிரம் படிகளுக்கு மேல் விற்றது. கீட்ஸின் நூல்களை வெளியிட்ட ஜான் டெய்லரே அதையும் வெளியிட்டார்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 4

நேற்றைய குறிப்பில் சேர்த்திருக்க வேண்டிய ஒன்று. 'நைட்டிங்கேலின் கூடு' என்னும் கிளேரின் கவிதையே வழிகாட்டி ஒருவர் முன்னே செல்லும் நடைதான். பேசுபவர் நம்மைப் பச்சைக் காட்டுப்பாதையில் அழைத்துப் போகிறார். வாயிற்கதவு சத்தமில்லாமல் சாத்தட்டும் என்கிறார். முட்கிளையை ஒதுக்கிக் கூட்டைக் காட்டுகிறார். தாய்ப்பறவை அச்சத்தில் பாட்டை நிறுத்தியதை உணர்ந்ததும் பின்வாங்கி, கூட்டைக் கண்டபடியே விட்டுவிடுவோம் என்கிறார். கீட்ஸின் பறவை எங்கோ இருளில் பாடுகிறது. கிளேரின் பறவை எந்தப் புதரில், எத்தனை உயரத்தில், எதைக் கொண்டு கூடு கட்டியிருக்கிறது என்பதை நாம் குனிந்து பார்க்கிறோம். கூட்டமாக நடந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, தொந்தரவு செய்யாமல் திரும்பும் வழக்கத்தை விழா நடத்துபவர்கள் புதிதாகக் கொண்டுவந்து ஒட்டவில்லை. அது அவருடைய கவிதையின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஜூலை 5

இனி வேலியடைப்பைப் பற்றி, அதாவது திறந்த வயல்களையும் பொது நிலத்தையும் வேலியிட்டுத் தனியார் நிலமாக்கியதைப் பற்றி. இதை விளக்காமல் ஹெல்ப்ஸ்டனில் நடப்பதன் பொருளைச் சொல்ல முடியாது.

கிளேரின் சிறுவயதில் அந்த ஊரைச் சுற்றிப் பெரிய திறந்த வயல்கள் இருந்தன. ஒவ்வொரு வயலும் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டுப் பலராலும் உழப்பட்டது. பட்டைகளுக்கிடையே வேலி கிடையாது. வயல்களுக்கு அப்பால் பொது மேய்ச்சல் நிலமும் புதர்க்கரம்பும் இருந்தன. சொந்த நிலம் இல்லாதவரும் அங்கே ஒரு மாட்டை மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காரணமில்லாமல் திரியலாம். சிறுவனாக இருந்தபோது அடிவானத்தில் உலகத்தின் விளிம்பு இருக்கும் என்று நம்பி எமன்சேல்ஸ் கரம்பைக் கடந்து வெகுதூரம் போனதையும், அறிந்த பூக்களும் பறவைகளும் மறைந்து தன் அறிவுக்கு வெளியே வந்துவிட்டதாக உணர்ந்ததையும் கிளேர் எழுதியிருக்கிறார். இடைமறிக்க ஒரு வேலியும் இல்லாததால்தான் ஒரு குழந்தை அவ்வளவு தூரம் போக முடிந்தது.

1809இல் ஹெல்ப்ஸ்டனையும் அதன் அண்டைத் திருச்சபை ஊர்களையும் அடைப்பதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நில அளவையாளர்கள் வந்தனர், நிலம் பங்கிடப்பட்டது, நேர்கோட்டில் சாலைகள் போடப்பட்டன, ஓடைகள் திருப்பப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன, 1820இல் இறுதித் தீர்ப்பு வெளியானது. பங்கு பெற்றவர்கள் ஏற்கனவே நிலம் வைத்திருந்தவர்கள். பொது நிலத்தில் அனுபவ உரிமை மட்டும் கொண்டிருந்த கூலிக் குடும்பங்களுக்கு அந்த உரிமையும் போயிற்று. கிளேருடைய பதினாறாம் வயதுக்கும் இருபத்தேழாம் வயதுக்கும் இடையே இவை அனைத்தும் நடந்தன. உயிர்வேலிக்கு முட்செடி நடும் கூலி வேலைக்கு அவரும் போனார். தன் நிலக்காட்சி அழிவதைக் கண்ணால் பார்த்தவர், வயிற்றுப்பாட்டுக்காக அதைத் தன் கையாலும் செய்திருக்கிறார்.

'தி மோர்ஸ்' (கரம்பு நிலங்கள்) கவிதையில், அடைப்பு வந்து உழைப்பவரின் உரிமைகளுடைய கல்லறையை மிதித்து ஏழையை அடிமையாக்கிற்று என்று எழுதினார். அதே கவிதையில் 'இங்கே வழியில்லை' என்று அறிவிக்கும் பலகை ஒன்று வருகிறது. அந்தப் பலகை மாட்டிய மரத்தின் அருகே போகப் பறவைகளே தயங்குவதுபோல் அவர் காட்டுகிறார். முதல் தொகுப்பில் செல்வர்களைச் சபித்த வரிகள் இருந்தன. அவருக்கு உதவிப்பணம் திரட்டித் தந்த ரேட்ஸ்டாக் பிரபு வற்புறுத்தியதால் பிந்தைய பதிப்புகளில் அவை நீக்கப்பட்டன.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் தனிமடலில், உயிர்வேலிகள்தானே ஆங்கிலக் கிராமத்தின் அழகு என்று வியந்திருக்கிறார். நானும் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தேன். ஹெல்ப்ஸ்டனுக்குத் தெற்கே முதன்முறை நடந்தபோது வேலியோரத்துப் பூக்களை நின்று நின்று ரசித்தேன். இப்போது நேர்கோட்டில் ஓடும் முள்வேலியைப் பார்த்தால், அதை யார் எதற்காக நட்டார்கள் என்ற கேள்வி உடன் வருகிறது. பூக்களின் அழகு அதனால் குறையவில்லை. வேலியின் அடியில் கூடு கட்டும் மஞ்சள்தலைச் சிட்டைக் கிளேரும் நேசித்தார். அதன் முட்டையோட்டில் எழுதுகோலால் கிறுக்கியதுபோல் கோடுகள் இருப்பதைக் கண்டு, அதை இயற்கையின் கவிதை என்று எழுதினார். அடைப்பை வெறுத்தவர், அடைப்புக்குப் பின் அந்த வேலிகளில் குடியேறிய உயிர்களை வெறுக்கவில்லை. புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் ஒருசேர நான் உணர்ந்ததில்லை.

ஜூலை 10

விழாவுக்கு முன் ஊரின் கிடப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்ப்ஸ்டன் பீட்டர்பரோவுக்கு வடமேற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. அன்று நார்த்தாம்டன்ஷயர், இன்று கேம்பிரிட்ஜ்ஷயர். மேற்கிலும் தெற்கிலும் சுண்ணாம்புக்கல் மேடு, கிழக்கில் கடல்வரை நீளும் தட்டையான சதுப்புச் சமவெளி. இரண்டும் சேரும் விளிம்பில் ஊர் அமர்ந்திருக்கிறது. மரமும் பள்ளமும் காட்டுப்பூவும் ஒருபக்கம், வானமும் நீர்க்கால்களும் மறுபக்கம். ஒரே நாளில் நடந்து இரண்டையும் பார்க்கலாம் என்பதால்தான் இத்தனை வகைப் பறவைகளும் செடிகளும் அவருடைய கவிதைக்குள் வந்தன.

கிளேர் பிறந்த வீட்டை 2005இல் ஓர் அறக்கட்டளை வாங்கியது. அதன் பக்கத்திலேயே, அவர் இளைஞராக இருந்தபோது வேலை பார்த்த ப்ளூ பெல் மதுவிடுதி இன்றும் நடக்கிறது. தெரு முனையில் பழைய சந்தைச் சிலுவையும் 1869இல் எழுப்பிய அவருடைய நினைவுத்தூணும் இருக்கின்றன. விழாவை நடத்துவது 1981இல் தொடங்கப்பட்ட ஜான் கிளேர் சங்கம். அவருடைய பிறந்த நாளை ஒட்டிய வார இறுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஜூலை 14, இரவு

திரும்பி வந்துவிட்டேன். கால் வலி தீருமுன் எழுதிவிடுகிறேன்.

முதலில் குழந்தைகள். ஊரிலுள்ள தொடக்கப்பள்ளிக்குக் கிளேரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் 'நடுக்கோடைப் பூமெத்தை' ஒவ்வொன்றையும் ஏந்தி வந்து புனித பொட்டால்ஃப் தேவாலயத் தோட்டத்திலுள்ள அவருடைய கல்லறையைச் சுற்றி வைக்கிறார்கள். மண்ணோடு வெட்டியெடுத்த புல்தரைத் துண்டில் வயற்பூக்களைக் குத்தி, கோடைக்காலத்தில் குடிசைகளில் அழகுக்கு வைப்பது அவ்வட்டாரத்து ஏழைகளின் பழைய வழக்கம் என்று கிளேர் குறித்திருக்கிறார். தன் வாழ்நாளில் வெளிவந்த கடைசித் தொகுப்புக்கு அதையே தலைப்பாக்க விரும்பினார். 1835இல் நூல் வேறு தலைப்போடு, பாதிக்கும் குறைவான கவிதைகளோடு வந்தது. அவர் விரும்பிய தலைப்பில் முழுக் கையெழுத்துப்படியும் அச்சேற 1979 ஆயிற்று. தாளில் ஏறுவதற்கு அத்தனை காலம் காத்திருந்த ஒரு வழக்கம், இன்று ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. கவிதை தாளில்தான் இருக்கிறது என்று எழுதிய நண்பரை அங்கே எண்ணிக்கொண்டேன்.

பிறகு நடை. நாங்கள் ஸ்வாடிவெல் பக்கம் போனோம். கிளேர் அதை ஸ்வார்டி வெல் என்று எழுதுவார். அது கல் வெட்டியெடுத்த பழைய பள்ளம். பொது நிலமாக இருந்த காலத்தில் அரிய பூக்களைத் தேடி அவர் அங்கே போவார். அடைப்புக்குப் பின் சாலைகளுக்குக் கல் எடுக்கும் இடமாயிற்று. 'ஸ்வார்டி வெல்லின் புலம்பல்' கவிதையில் அந்த நிலமே தன்மையில் பேசுகிறது. கஞ்சிக்கு வழியில்லாமல் ஊர் நிவாரணத்தில் விழுந்த ஏழையின் குரல் அதற்கு. நிற்க முடியாமல் போகும்வரை என்னை உழைக்க வைத்து, விழுந்த பின் நசுக்குகிறார்கள் என்கிறது. கடைசியில், விரைவில் என் பெயர் ஒன்றே எஞ்சியிருக்கும் என்று முடிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பள்ளம் குப்பை கொட்டும் இடமாயிற்று. இன்று லாங்டைக் அறக்கட்டளை அதை இயற்கைக் காப்பகமாகப் பேணுகிறது. உடன் வந்தவர் ஒருவர் அந்தக் கவிதையைப் பள்ளத்தின் விளிம்பில் நின்று உரக்க வாசித்தார். நிலம் 'நான்' என்று சொல்வதை அணியாக எண்ணி வீட்டில் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்த 'நான்' காலடியில் கிடக்கும்போது அதை அணி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. பெயர் மட்டுமே மிஞ்சும் என்று அந்த நிலம் அஞ்சியது. பெயரும் மிஞ்சியிருக்கிறது, பூக்களும் ஓரளவு திரும்பியிருக்கின்றன. கவிதைக்கு அப்பால் நிகழ்ந்த இந்தத் தொடர்ச்சி, நான் வைத்திருக்கும் தொகுப்பில் எங்கும் அச்சாகவில்லை.

ஜூலை 15

உரைகளைப் பற்றி நேற்று எழுதவில்லை. அதனால் அவை முக்கியமற்றவை என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிட வேண்டாம். கிளேரின் கையெழுத்துப்படிகளில் நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் இல்லை. டெய்லர் அவற்றைச் சேர்த்தார், வட்டாரச் சொற்களைக் குறைத்தார், நீளமான பகுதிகளை வெட்டினார். திருத்திய பாடத்தை வாசிப்பதா, கையெழுத்துப்படியை அப்படியே வாசிப்பதா என்ற வாதம் இன்றும் தொடர்கிறது. உரைக்குப் பின் தேநீர் நேரத்தில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இடைவேலி இல்லாமல் ஓடும் வாக்கியங்களைக் கிளேரின் திறந்த வயல்களோடு ஒப்பிடும் கருத்து எனக்குக் கவர்ச்சியாக இருந்தாலும் அதை அளவோடுதான் ஏற்பேன். அவரே டெய்லரின் திருத்தங்கள் பலவற்றை வரவேற்றார். தன் வரிகள் அச்சில் ஒழுங்காக வரவேண்டும் என்று விரும்பினார். தன் எழுத்து எப்படித் திருத்தப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமையை ஓர் ஏழைக் கவிஞனுக்குக் கொடுக்காமல், அவனுடைய பிழைகளையே நாம் கொண்டாடுவது சரியா என்பது எனக்கு உண்மையான கேள்வி.

கீட்ஸையும் மீண்டும் தொடவேண்டும். இருவரும் சந்தித்ததில்லை; டெய்லர் வழியாக ஒருவரை ஒருவர் வாசித்தார்கள். கிளேரின் ஒரு கவிதையில் வருணனை உணர்ச்சியை மிஞ்சிவிடுகிறது என்றார் கீட்ஸ். கீட்ஸ் இயற்கையைத் தன் கற்பனைக்குத் தோன்றியபடி எழுதுகிறார், நேரில் கண்டிருந்தால் எழுதக்கூடியபடி அல்ல என்றார் கிளேர். மூன்றாம் தேதி நண்பர் எழுப்பிய வாதம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்விருவருக்கும் இடையே நடந்திருக்கிறது. நண்பர் கீட்ஸின் பக்கம் நிற்கிறார்.

ஜூலை 16

நடைபாதை பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில்: ஆம், நாங்கள் நடந்தவை சட்டப்படி பொதுவழிகள். வயலின் குறுக்கே அம்புக்குறி காட்டும் பலகை இருக்கும். அதைவிட்டு இருபுறமும் விலகினால் அது தனியாருடைய நிலம். கிளேர் சிறுவயதில் திசையெங்கும் திரிந்த இடத்தில், நாங்கள் கோடு விலகாமல் ஒருவர் பின் ஒருவராகச் சென்றோம். அவருடைய இழப்பின் அளவை எனக்குக் காட்டியது அந்த வரிசைதான்.

ஜூலை 19

மூன்று மைலைப் பற்றி எழுதவேண்டும்.

1832இல் கிளேர் குடும்பம் ஹெல்ப்ஸ்டனிலிருந்து நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. புரவலர்கள் நல்லெண்ணத்தோடு ஏற்பாடு செய்த வீடு, பழையதைவிடப் பெரியது. இடையே மூன்று மைல்தான். ஆனால் 'தி ஃபிளிட்டிங்' (குடிபெயர்வு) கவிதையில் கதிரவனே அங்கே வழி தெரியாமல் நிற்கிறான். மூன்று மைலுக்கு இத்தனை துயரமா, இது மனநோயின் தொடக்கம்தானே என்று நான் எண்ணியிருந்த காலம் உண்டு. இந்தமுறை விழா முடிந்த பின் தனியாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் மேடு முடிந்துவிடுகிறது, காடு இல்லை, மண்ணின் நிறமே வேறு. வழிநெடுகக் கண்ணில் படுவது கிளிண்டன் தேவாலயத்தின் கூர்கோபுரம். அவர் பள்ளியில் பயின்றதும், முதற்காதலி மேரி ஜாய்ஸைச் சந்தித்ததும் அந்த ஊரில்தான். ஒவ்வொரு செடியையும் அது நிற்கும் இடத்தோடு சேர்த்து அறிந்திருந்த ஒருவருக்கு இது வேறு நாடு. அவருடைய துயரத்தை நோயின் கணக்கில் எழுதிவிடுவது எளிது; மண் மாறியதைக் கண்ணால் பார்த்த பின் எனக்கு அந்த எளிமை போய்விட்டது.

இன்னொன்று. 1825 ஜூனில் ராய்ஸ் காட்டின் முனையில் மூவர் இரும்புப் பாதைக்கு அளவெடுப்பதைப் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார் கிளேர். பின்னாளில் வந்த லண்டன்–எடின்பரோ முதன்மைப் பாதை ஊரின் ஓரமாகவே செல்கிறது. நடையின்போது விரைவு ரயில் கடக்கும் இரைச்சலுக்காகப் பேசுபவர் அவ்வப்போது நிறுத்த வேண்டியிருந்தது.

ஜூலை 22

நாட்களின் பொருத்தத்தால் இதை இன்றே எழுதுகிறேன். 1837இல் கிளேரை எப்பிங் காட்டிலிருந்த மனநோய் விடுதிக்கு அனுப்பினார்கள். 1841 ஜூலை 20 அன்று அவர் அங்கிருந்து வெளியேறி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஏறத்தாழ எண்பது மைல். கையில் காசில்லை. முதல் இரவு உறங்கும்போது, காலையில் திசை தவறாமலிருக்கத் தலையை வடக்கே வைத்துப் படுத்தார். பசி தாங்காமல் சாலையோரப் புல்லைத் தின்றார். ரொட்டியின் சுவைபோல் இருந்தது என்று எழுதினார். எதிரே வண்டியில் வந்த மனைவி பேட்டியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கிளேர் மேரி ஜாய்ஸைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். மேரியோ 1838இலேயே இறந்துவிட்டார். 1841 டிசம்பரில் கிளேர் நார்த்தாம்டன் மனநோய் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1864 மே 20இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 'நான் இருக்கிறேன்' என்னும் அவருடைய புகழ்பெற்ற கவிதை அங்கே எழுதப்பட்டது.

விழாவில் இந்த நடையைப் பற்றிப் பேசும்போது குரல்கள் தாழ்கின்றன. அது இயல்பு. ஆனால் பலருக்குக் கிளேர் என்றால் பித்துப் பிடித்து நடந்தவர் என்பது மட்டுமே நினைவில் நிற்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது. ஸ்வாடிவெல் பள்ளத்தில் பேசிய குரல் கோபமும் தெளிவும் கொண்டது. நிலத்தைப் பங்கிட்டவர்களின் கணக்கை அது முழுமையாகப் புரிந்துகொண்டிருந்தது.

ஜூலை 25

நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: ஊருக்குப் போகாதவர்கள் கிளேரை வாசிக்க வேண்டாமா என்று. கட்டாயம் வாசிக்க வேண்டும். 'நான் இருக்கிறேன்' கவிதைக்கு எந்த ஊரும் தேவையில்லை. அங்கே உங்கள் வாதம் முழுமையாகச் செல்லும். கூடுகளைப் பற்றிய கவிதைகளுக்கும், உங்கள் வீட்டருகே ஒரு பறவையைப் பொறுமையாகக் கவனித்த பழக்கம் இருந்தாலே போதும். ஆனால் 'தி மோர்ஸ்', 'ஸ்வார்டி வெல்லின் புலம்பல்', 'தி ஃபிளிட்டிங்' ஆகிய மூன்றும் குறிப்பிட்ட நிலத்தின் மீது நடந்த குறிப்பிட்ட அநீதியைச் சொல்பவை. அவற்றுக்கு நடை உதவுகிறது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. நடையை மட்டும் மேற்கொண்டு, இவற்றை வாசிக்காமல் பூக்களைப் படமெடுத்துத் திரும்புபவர்களை நானும் பார்த்தேன். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரியே.

அடுத்த ஜூலையில் வருவதாக இருந்தால் பீட்டர்பரோவரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடியுங்கள். மேற்சொன்ன மூன்று கவிதைகளையும், டெய்லர் திருத்தாத பாடத்தில், கையோடு எடுத்து வாருங்கள். ஸ்வாடிவெல்லில் உரக்க வாசிக்க ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார்.